மலைநாட்டில் பிக்ஸ்ட் கியர் சைக்கிள்: பாகங்களைத் தேர்ந்தெடுத்து மாற்றுவதற்கு முழுமையான வழிகாட்டி

பிக்ஸ்ட் கியர் சைக்கிளில் பின் சில்லு சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை நிறுத்திக்கொண்டு இறக்கத்தில் சும்மா உருண்டு போக முடியாது. கொழும்பின் சமதரையில் இது சில நாட்களில் பழகிவிடும். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் பாதையில் அப்படியல்ல. அங்கே பல் விகிதம், லொக் ரிங் (பின் பற்சக்கரம் கழலாமல் பூட்டும் வளையம்), பிரேக் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே வண்டி உங்கள் பேச்சைக் கேட்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். நிறம் பூசிய ரிம்மும் குறுகிய ஹேண்டிலும் முதலில் வந்துவிடும். பிரேக் வாங்கப் போகும்போது கையில் காசு இருக்காது. இந்த வண்டியில் ஒரு பாகத்தின் அளவு அடுத்த பாகத்தைக் கட்டிப்போடுகிறது. ஆகவே கீழே உள்ள வரிசையிலேயே முடிவுகளை எடுங்கள். பிரேக்குக்கான பணத்தை மட்டும் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

1. வேலை தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

15 மில்லிமீற்றர் சாவி, லொக் ரிங்கின் வெட்டில் மாட்டும் கொக்கிச் சாவி, செயின் துண்டு பொருத்திய நீண்ட கைப்பிடி (கடைக்காரர்கள் செயின் விப் என்பார்கள்), செயின் ஆணி கழற்றும் கருவி, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) கழற்றும் கருவி, 4, 5, 6, 8 மில்லிமீற்றர் அலன் சாவிகள், கிறீஸ், வேர்னியர் அளவுகோல். இவற்றுடன் வீட்டில் கிடக்கும் நகப்பூச்சு ஒரு குப்பி. அது எதற்கென்று நான்காம் படியில் வரும்.

கொக்கிச் சாவி இல்லையென்று உளியும் சுத்தியலும் கொண்டு லொக் ரிங்கைத் தட்டும் வழக்கம் கராஜ்களில் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். சில்லின் நடுவிலுள்ள அலுமினிய ஹப்பின் மரை ஒருமுறை சிதைந்தால் ஹப்பையே மாற்ற வேண்டியதுதான்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில்லைச் சுழலவிட்டுச் செயினைத் துணியால் துடைக்காதீர்கள். சாதாரண சைக்கிளில் துணி சிக்கினால் பிரீவீல் (பெடல் நின்றாலும் சில்லைச் சுழலவிடும் பின் பற்சக்கரம்) விட்டுக்கொடுக்கும். இதில் சுழலும் சில்லின் வேகம் முழுவதும் செயினில் இருக்கிறது. துணியோடு விரலும் பற்களுக்குள் போய்விடும். சில்லை நிறுத்தி, ஒரு சாண் துடைத்து, சிறிது நகர்த்தி, மறுபடி துடையுங்கள்.

2. பிரேமை அளந்து பாருங்கள்

பின் அச்சு உட்காரும் பிளவு கிடைமட்டமாக, அல்லது சாய்வாகவேனும் நீண்டு இருக்க வேண்டும். செயினின் இறுக்கத்தைச் சில்லை முன்னும் பின்னும் நகர்த்தியே சரிசெய்கிறோம். பிளவு செங்குத்தாக இருந்தால் அந்தப் பிரேமை விட்டுவிடுங்கள். கியர் சைக்கிளில் உள்ளதுபோல வில் வைத்த செயின் இழுப்பானைப் பூட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெடலைப் பின்னோக்கி அழுத்தும் கணத்தில் விசை கீழ்ச் செயினுக்கு மாறும். இழுப்பான் முறிந்து சில்லுக்குள் போகும்.

அடுத்து, பிளவுகளுக்கு இடைப்பட்ட அகலம். பிக்ஸ்ட் சைக்கிளுக்கென்று செய்யப்படும் டிராக் ஹப்பின் அகலம் பொதுவாக 120 மில்லிமீற்றர். பழைய ரேஸ் சைக்கிள்களில் 126, பிந்தியவற்றில் 130. இரும்புப் பிரேமில் வாஷர்கள் இட்டு இந்த இடைவெளியை நிரப்பலாம். அலுமினியப் பிரேமை நெரித்தோ விரித்தோ பொருத்துவது ஆபத்து. அது வளைந்து கொடுக்காது, வெடிக்கும்.

லுமாலா போன்ற பழைய பாணி இரும்பு சைக்கிளை மாற்றியமைக்க நினைப்பவர்கள் சில்லின் அளவையும் கவனிக்க வேண்டும். 28 × 1½ ரிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர். 700சி என்ற சில்லளவில் அது 622. சில்லை மாற்றினால் பிரேக் கட்டை 6.5 மில்லிமீற்றர் கூடுதலாகக் கீழே எட்ட வேண்டும். இதை அளக்காமல் பிரேக் வாங்கியவர்களின் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரில் உரசுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அத்துடன், இத்தகைய சைக்கிள்களின் பழைய ரிம்களில் முன்னால் 32, பின்னால் 40 துளைகள் இருப்பது வழக்கம். 32 அல்லது 36 துளை உள்ள டிராக் ஹப்புக்கு அந்தப் பின் ரிம் உதவாது.

கடைசியாக முன் போர்க்கின் தலையில் பிரேக் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துளையுள்ள வேறு போர்க் வாங்குங்கள். பட்டறையில் கொடுத்துத் துளைபோட வேண்டாம். முழு நிறுத்தும் விசையும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது.

3. பல் விகிதத்தை முடிவு செய்யுங்கள்

முன் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின் பற்சக்கரத்தின் எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் வரும். அதைச் சில்லின் சுற்றளவால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும். 28 மில்லிமீற்றர் டயர் போட்ட 700சி சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.13 மீற்றர்.

சமதரை நகரங்களுக்கென்று விற்கப்படும் வண்டிகளில் 48/17 போன்ற விகிதங்களைக் காணலாம். ஒரு சுற்றுக்கு 6 மீற்றர். 42/19 என்றால் 4.7 மீற்றர். 38/20 என்றால் 4 மீற்றருக்குச் சற்று மேல். காகிதத்தில் சிறிய வித்தியாசம்தான். ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். 48/17இல் உங்கள் கால் நிமிடத்துக்கு 28 சுற்று மட்டுமே சுற்றும். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் முழு எடையையும் தாங்கும். 42/19இல் 35 சுற்று, 38/20இல் 41. கால் சுற்றிக்கொண்டிருக்கும் வரை ஏறலாம். 30க்குக் கீழே போனால் பெரும்பாலோர் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.

இறக்கத்தில் கணக்கு எதிராகத் திரும்புகிறது. மணிக்கு 35 கிலோமீற்றரில் 48/17 நிமிடத்துக்கு 97 சுற்றுக் கேட்கும். 42/19 கேட்பது 124. 38/20 கேட்பது 144. அந்த வேகத்தில் பழகாத கால் இருக்கையில் குதிக்கத் தொடங்கிவிடும். கொட்டகலைப் பையன் ஒருவன் 46/17 வண்டியைக் காட்டி, "அண்ணே, ஏறும்போது முழங்கால் கேட்கவில்லை, இறங்கும்போது கால் என்னுடையதாகவே இல்லை. பல்லைக் கூட்டுவதா குறைப்பதா?" என்று கேட்டான். இரண்டுக்கும் ஒரே பற்சக்கரத்தில் மருந்து கிடையாது.

என் தீர்ப்பு இது: விகிதத்தை ஏற்றத்துக்காகத் தேர்ந்தெடுங்கள், இறக்கத்தைப் பிரேக்கிடம் ஒப்படையுங்கள். ஏற்றத்துக்குப் பெரிய விகிதம் வைத்தால் அதற்கு உதவி செய்ய வேறு பாகம் எதுவும் இல்லை. இறக்கத்தில் மணிக்கு 25 கிலோமீற்றருக்குள் பிரேக்கால் அடக்கினால் 42/19இல் கால் 88 சுற்றுத்தான் சுற்றும். அது எவருக்கும் முடியும். நுவரெலியாவில் கிரகரி வாவியைச் சுற்றியும் நகருக்குள்ளும் ஓடுபவர்களுக்கு 42/18 போதும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் நாளாந்தம் ஏறி இறங்குபவர்கள் 42/19இல் தொடங்கி, தேவையானால் 38/20க்குப் போகலாம்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. காலைப் பூட்டிப் பின் சில்லைச் சறுக்கவிட்டு நிறுத்தும் பழக்கம் உள்ளவர்கள் விகிதத்தைப் பின்னமாக எழுதிச் சுருக்கிப் பாருங்கள். எப்போதும் ஒரே காலை முன்னால் வைத்துச் சறுக்குபவருக்கு, கீழெண் எத்தனையோ அத்தனை இடங்களில் டயர் தேயும். 42/19ஐச் சுருக்க முடியாது, 19 இடங்கள். 38/19 சுருங்கினால் 2/1, அதாவது ஒரே இடம். புதிய டயர் அந்த ஓர் இடத்தில் ஓட்டையாகும். ஆனாலும் ஈரமான மலைப்பாதையில் இந்த வித்தையை நிறுத்தும் வழியாக நம்பக் கூடாது.

4. பின் ஹப்பும் லொக் ரிங்கும்

பணத்தில் பெரும் பங்கு போக வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று. உண்மையான டிராக் ஹப்பில் இரண்டு படி மரைகள் இருக்கும். உள்ளே இருக்கும் பெரிய படியில் பற்சக்கரம் வலப்புறமாக ஏறும். வெளியே இருக்கும் சிறிய படியில் லொக் ரிங் இடப்புறமாக ஏறும். பெடலைப் பின்னோக்கி அழுத்தும்போது பற்சக்கரம் கழன்று வர முயலும். அது லொக் ரிங்கைத் தள்ளும்போது லொக் ரிங் மேலும் இறுகும். வண்டி நிற்பது இந்த எதிர்த்திருப்பத்தால்தான்.

பிரீவீல் ஹப்பில் இரண்டாம் படி கிடையாது. ஆனால் பற்சக்கரம் அதிலும் அழகாக ஏறிவிடும், மரை ஒன்றே. ஏமாறுவது இங்கேதான். அதன்மேல் கிராங்க் அச்சின் வளையமொன்றை இறுக்கி, பசையும் தடவி, "இனி அசையாது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வளையமும் வலப்புற மரைதான். பின்னோக்கி அழுத்தினால் இரண்டும் சேர்ந்தே கழலும். சமதரையில் பல மாதம் ஓடும். இறம்பொடை முடக்கில் ஒரு கணத்தில் கால் காற்றில் சுழலும்.

பூட்டும் முறை: இரு மரைகளையும் துணியால் துடைத்துக் கிறீஸ் பூசுங்கள். பற்சக்கரத்தைக் கையாலேயே கடைசி வரை ஏற்றுங்கள். பாதியில் இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள், உடனே கழற்றுங்கள். பிறகு செயின் விப்பால் உடல் எடையைக் கொடுத்து இறுக்குங்கள். அதன்பின் லொக் ரிங்.

இத்துடன் வேலை முடியவில்லை. பின்னோக்கி அழுத்தாமல், பிரேக்கை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, செங்குத்தான ஏற்றமொன்றில் எழுந்து நின்று மிதியுங்கள். கருவியால் தர முடியாத இறுக்கத்தை ஏற்றம் தந்துவிடும். பற்சக்கரம் இன்னும் சிறிது உள்ளே போயிருக்கும். லொக் ரிங்குக்கும் அதற்கும் இடையே மயிரிழை இடைவெளி விழுந்திருக்கும். திரும்பி வந்து லொக் ரிங்கை மறுபடி இறுக்குங்கள். இந்த இரண்டாவது இறுக்கத்தைத் தவறவிட்டே பலர் ஹப்பின் மரையை இழக்கிறார்கள்.

இப்போது நகப்பூச்சு. ஹப்பின் உடலில் தொடங்கி, பற்சக்கரம், லொக் ரிங் மூன்றின் குறுக்காக மெல்லிய கோடு ஒன்று இழுங்கள். காலையில் வண்டியை எடுக்கும்போது ஒரு பார்வை போதும். கோடு முறிந்து படிபோல விலகியிருந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. அன்று வண்டியை எடுக்காதீர்கள்.

ஹப்பின் மறுபக்கத்தில் பிரீவீல் பூட்டக்கூடிய இருபக்க ஹப் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நீண்ட இறக்கத்துக்கு முன் சில்லைத் திருப்பிப் பூட்டினால் கால் ஓய்வெடுக்கும். அப்போது கண்டிப்பாக முன்னும் பின்னும் பிரேக் வேண்டும். பற்களின் வித்தியாசம் ஒன்றுக்கு அச்சு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நகரும். 19க்கும் 20க்கும் பிரச்சினை இல்லை. 17க்கும் 22க்கும் பிளவின் நீளம் போதாமல் போகலாம், பிரேக் கட்டையும் ரிம்மை விட்டு விலகும்.

ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் எஸ்3எக்ஸ் என்ற மூன்று வேக ஹப்பும் பிக்ஸ்ட் வகைதான். நேரடி கியருடன் 75, 62.5 சதவீதக் கியர்கள் இரண்டு உண்டு. மலைக்கு உகந்தது. பெடலில் முன்பின் சிறு தளர்வு தெரியும், விலையும் அதிகம். முதல் வண்டிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

5. கிராங்க்கும் முன் பற்சக்கரமும்

மலைநாட்டவர்கள் அதிகம் தடுமாறும் இடம் கிராங்க்கின் துளை வட்டம், அதாவது முன் பற்சக்கரத்தைப் பூட்டும் ஆணித் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம். டிராக் கிராங்க்குகளில் வழக்கமான துளை வட்டம் 144 மில்லிமீற்றர். அதில் 42 பல்லுக்குக் கீழே பற்சக்கரம் கிடைப்பது அரிது. 130 மில்லிமீற்றர் என்றால் 38 வரை இறங்கலாம். 110 என்றால் 34 வரை. நாளை பல்லைக் குறைக்க நினைப்பீர்கள் என்பது கிட்டத்தட்ட நிச்சயம். ஆகவே 130 அல்லது 110 வாங்குங்கள். பாவித்த ரேஸ் கிராங்க்குகளிலும் இந்த அளவுகள் கிடைக்கும், மலிவும்கூட.

கிராங்க்கின் நீளம் 165 மில்லிமீற்றர் போதும். முடக்கில் வண்டியைச் சாய்க்கும்போது உட்புறப் பெடலை மேலே நிறுத்திவைக்க இந்த வண்டியில் வழியில்லை. அது சுற்றிக்கொண்டே கீழே வரும். நீண்ட கிராங்க் தரையில் அடித்தால் பின் சில்லு தூக்கி எறியப்படும்.

அச்சோடு கொட்டர் ஆணியால் பூட்டிய பழைய கிராங்க்கை மாற்றிவிடுங்கள். முன்னும் பின்னும் மாறி மாறி வரும் விசையில் அந்த ஆணி தளர்ந்துகொண்டே இருக்கும். கிராங்க் அச்சை மாற்றும்போது மரையின் அளவைப் பிரேமில் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஆங்கில மரை என்றால் செயின் பக்கத்துக் கிண்ணம் இடப்புறமாகத் திரும்பும். இது தெரியாமல் நீண்ட குழாயைச் சாவியில் சொருகி எதிர்ப்பக்கம் இறுக்குபவர்கள் அனேகம். இடப் பெடலும் இடப்புற மரைதான்.

பூட்டிய பிறகு செயின் கோட்டை அளக்க வேண்டும். பிரேமின் நடுக்கோட்டிலிருந்து முன் பற்சக்கரமும் பின் பற்சக்கரமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். டிராக் ஹப்புக்கு அது 42 மில்லிமீற்றர் அளவில் வரும். 1 மில்லிமீற்றர் பிசகு பரவாயில்லை. 3 மில்லிமீற்றர் என்றால் செயின் இரைச்சலிடும், ஒருநாள் இறக்கத்தில் கழன்றும் விழும். கழன்ற செயின் சில்லைப் பூட்டிவிடும். கிராங்க் அச்சின் நீளத்தை மாற்றுவதே சரியான பரிகாரம்.

6. செயின்

அகலம் இரண்டு: 1/8 அங்குலம், 3/32 அங்குலம். 1/8 செயின் இரண்டு வகைப் பற்சக்கரத்திலும் ஓடும். 3/32 செயின் 1/8 பற்சக்கரத்தில் உட்காராது. குழப்பம் வேண்டாமென்றால் எல்லாவற்றையும் 1/8ஆகவே வாங்குங்கள்.

நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக 10 மில்லிமீற்றர் அளவு ஆட்டம் இருக்க வேண்டும். கிராங்க்கை மெதுவாகச் சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தில் இதை அளவிடுங்கள். ஓரிடத்தில் இறுகி மறு இடத்தில் தொங்கினால் முன் பற்சக்கரம் நடுவில் இல்லை. அதன் ஆணிகளைச் சற்றுத் தளர்த்தி, இறுகும் இடத்தில் செயினை மெல்லத் தட்டி, மறுபடி முடுக்குங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழை ஓயாது. தண்ணீர் போன்ற எண்ணெய் ஒரே நாளில் கழுவிப் போய்விடும். சற்றுத் தடித்த எண்ணெய் போட்டு, மேலே தெரிவதைத் துடைத்துவிடுங்கள். ஓர் ஆணியின் நடுவிலிருந்து, அதை எண்ணாமல் அடுத்து வரும் 24ஆவது ஆணியின் நடு வரை புதிய செயினில் 12 அங்குலம் இருக்கும். அது 12 1/16 ஆனதும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பற்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

7. பிரேக்: முன்னும் வேண்டும், பின்னும் வேண்டும்

கால்விசையே பிரேக் என்று சொல்பவர்கள் மலைக்கு வந்ததில்லை. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் பின் சில்லுக்குப் பிடிமானம் குறைகிறது. இறக்கத்தில் இன்னும் குறைகிறது. முன் பிரேக்கே முக்கியம். இரட்டை அச்சுக் கலிப்பர் வகை ஒன்றை நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்.

பின் பிரேக் எதற்கு என்று கேட்பார்கள். நீண்ட இறக்கத்தில் ஒரே ரிம்மைத் தேய்த்துக்கொண்டே வந்தால் அது சூடேறும், டியூப் பாதிக்கப்படும். முன், பின் என்று மாற்றி மாற்றிப் பிடித்தால் ஒவ்வொன்றும் ஆற நேரம் கிடைக்கும். செயின் கழன்றாலோ அறுந்தாலோ கால்விசை முழுவதும் போய்விடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பிரேக் பூட்டும் ரிம்மின் பக்கவாட்டில் வண்ணப்பூச்சு இருக்கக் கூடாது. பூச்சு மழையில் வழுக்கும், பிறகு உரிந்து கட்டையில் ஒட்டும். பக்கவாட்டைக் கடைந்து மெருகேற்றிய அலுமினிய ரிம்மே வேண்டும்.

வாரத்துக்கொரு முறை கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு ரப்பருக்குள் வெள்ளி மணல்போல மின்னுவது ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியம். அதை ஊசி முனையால் நோண்டி எடுத்து, மணற்தாளில் ஒருமுறை தேயுங்கள். விட்டுவைத்தால் கரகரவென்று ரிம்மையே அறுக்கும்.

மழையில் முதல் சில சுற்றுகளில் பிரேக் பிடிக்காது. முடக்குக்கு வெகு முன்னரே இலேசாகத் தொட்டு ரிம்மின் நீரைத் துடைத்துவிட வேண்டும்.

8. டயரும் சில்லும்

பிரேமும் பிரேக்கும் இடம் கொடுக்கும் அளவுக்கு அகலமான டயர். 28 நல்லது, 32 இன்னும் நல்லது. தோட்டப் பாதைகளில் 23 டயர் போட்டால் ரிம் நெளியும். கம்பிகள் 32 அல்லது 36. பின் டயரின் தேய்மானம் கூடுதல் என்பதால் கையிருப்பில் ஒன்று வைத்திருங்கள்.

9. பெடல்

கால் பெடலை விட்டு விலகினால் சுழலும் பெடல் கெண்டைக்காலில் அடிக்கும். அதனால் பட்டை அல்லது கூண்டு வைத்த பெடல் அவசியம். சப்பாத்து போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் தடித்த சப்பாத்து அணிபவர்களுக்கு நீளம் சரிசெய்யக்கூடிய அகலப் பட்டையே ஒத்துவரும். ஓட்டத் தொடங்குமுன் பட்டைக்குள் காலை நுழைப்பதையும் எடுப்பதையும் சுவரைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். ஏற்றத்தின் நடுவில் இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

10. ஹேண்டிலும் இருக்கையும்

உங்கள் இஷ்டம். ஒரே நிபந்தனை: ஹேண்டில் தோளின் அகலத்துக்குக் குறையக் கூடாது. எழுந்து நின்று ஏறும்போது வண்டியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்க அந்த அகலம் வேண்டும்.

11. முதல் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும்

புறக்கோட்டை டாம் வீதிக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவர வேண்டாம். முதல் பயணத்தில் ஹப், பற்சக்கரம், லொக் ரிங், பிரேக். அவற்றைப் பூட்டி அளந்த பிறகே கிராங்க் அச்சின் நீளம் தெரியும். அந்த அளவோடு இரண்டாம் பயணம் போங்கள். அளக்காமல் வாங்கிய அச்சை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கக் கண்டியிலிருந்து மறுபடி பஸ் ஏறுவது வீண் அலைச்சல்.

பூட்டி முடித்ததும் சில்லுகளை நிலத்திலிருந்து தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். பின் அச்சு நட்டுகள் இரண்டையும் மாறி மாறி, சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒருபக்கத்தை மட்டும் முடுக்கினால் சில்லு கோணலாகும். ஏற்றத்தில் செயின் பக்கத்து அச்சு முன்னோக்கி இழுபட்டால், பிளவின் பின்னால் மாட்டும் செயின் இழுப்பு ஆணி ஒன்று வாங்கிப் பூட்டுங்கள்.

முதல் வாரம் ஒரே ஏற்றத்தில், நேராகத் திரும்பி வரக்கூடிய பாதையில் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வந்ததும் லொக் ரிங், கிராங்க் ஆணி, அச்சு நட்டு, பற்சக்கர ஆணிகள் என்ற வரிசையில் சாவி போட்டுப் பாருங்கள். கிராங்க் ஆணி தளர்ந்த நிலையில் ஓட்டினால் சதுரத் துளை பெரிதாகிவிடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

நானுஓயாப் பக்கம் மாலையில் மூடுபனி இறங்கினால் எதிரே வரும் லொறிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். முன்னும் பின்னும் விளக்குப் பூட்டுங்கள். இருக்கைக்குக் கீழே ஒரு டியூப், காற்றடிக்கும் பம்ப், 15 மில்லிமீற்றர் சாவி மூன்றும் எப்போதும் இருக்கட்டும். சாவி இல்லாமல் பின் சில்லைக் கழற்ற முடியாது, தேயிலைத் தோட்டத்து நடுவில் இரவல் கேட்கவும் ஆள் கிடைக்காது.